கர்நாடக சங்கீதம் படித்த டர்பன் பெண் மியூசிக்கல் தியேட்டர், காபரே பாடகியாகப் பிழைக்க முடியுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த 19 வயது மகள், பத்து வருட கர்நாடக சங்கீதம், தமிழ் ஐஸ்டெட்ஃபொட் என்ற கலைப் போட்டியில் பரிசுகள். இப்போது பாட்டும் நடிப்பும் நடனமும் சேர்ந்த மேடை நாடகமான மியூசிக்கல் தியேட்டரில் பாட ஆசைப்படுகிறாள், இதில் சாப்பாட்டுக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. அந்தப் பத்து வருடமும் வீண் போகாது. உச்சரிப்பையும் நடனத்தையும் முதலில் சரிசெய்யச் சொல்வார்கள். அவை பயிற்சியில் வந்துவிடும். கர்நாடகக் குரலுக்கு உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே சுருதியில் நின்று பழகிய காது.

அவள் 5 கட்டையில் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது பியானோவின் ஜி. மந்திர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி நன்றாகப் பழகியிருக்கும். மியூசிக்கலில் பெல்ட் என்று சொல்லும் அந்த அழுத்தமான குரலுக்கு வேலை தார ரிஷபத்திலிருந்து தார பஞ்சமம் வரை. கச்சேரியில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு இறங்குவோம். மியூசிக்கலில் அங்கேயே நின்று வரிவரியாகப் பாட வேண்டும். சோப்ரானோ என்ற உச்சக் குரல் வேடங்களுக்கு அதற்கும் மேலே இன்னொரு அரை ஸ்தாயி வேண்டும். அந்தத் தலைக்குரல் நம் பயிற்சியில் தொடப்படாத இடம். நெஞ்சுக்குரலை அப்படியே மேலே தள்ளினால் குரல்நாணில் முடிச்சு விழலாம். பெல்ட்டும் தலைக்குரலும் கலந்த மிக்ஸ் கற்றுத் தரும் ஆசிரியரிடம் குறைந்தது ஒரு வருடமாவது படிக்கட்டும். யூனிசா, டிரினிட்டி இசைத் தேர்வுகளுக்குத் தயார் செய்யும் ஆசிரியர்களிடம் விசாரிக்கலாம்.

அடுத்தது ஸ்தாயியைவிடப் பெரிய சிக்கல். பாட்டின் கடைசிச் சரணத்தில் இசை திடீரென்று அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏறும். ஷட்ஜம் அசையாது என்று பழகிய குரல் பழைய சுருதியிலேயே நின்றுவிடும், அல்லது வழுக்கி வழுக்கி ஏறும். இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. போனில் இருக்கும் சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்து, சரளி வரிசையை சங்கராபரண ஸ்வரங்களில் ஒரு முறை; மூச்சு விடும் நேரத்துக்குள் 5½; பிறகு 6; அப்படியே 7 வரை ஏறி 4 வரை இறங்க வேண்டும். அது பழகியதும் சுருதியை நிறுத்திவிட்டு, பியானோவில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) மட்டும் கேட்டு ஆரம்பிக்கட்டும். மேடையில் தம்பூரா கிடையாது.

சேர்ந்து பாடும் கோரஸில் ஆல்ட்டோ வரி, அதாவது மெட்டுக்குக் கீழே தனியாகப் போகும் பெண்குரல் வரி, கொடுத்தால் நம் பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். மெட்டு காந்தாரத்தில் நிற்கும்போது தான் ஷட்ஜத்தில் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். மெட்டைப் பதிவு செய்து காதில் போட்டுக்கொண்டு தினம் 15 நிமிடம் செய்தால் போதும். கமகம் குறைய வேண்டும்: ஸ்வரம் நேராக நிற்கட்டும், அசைவு நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் மட்டும். தாளம் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை கையில் இருக்கிறவளுக்கு ஜாஸ் நடை சீக்கிரம் வரும்.

ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாமல் ஆடிஷன் என்ற தேர்வுக்குப் போகக் கூடாது. கேட்டுக் கற்பவளுக்கு மூன்று நாள் ஆகும் கோரஸ் வரியை, படிக்கத் தெரிந்தவள் அன்று மாலையே பாடிவிடுவாள். வேலை கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஆடிஷனில் 16 பார் கேட்பார்கள்; பார் என்பது மேற்கத்திய இசையில் ஒரு தாளச் சுற்று. நான்கு எண்ணிக்கை பார் என்றால் 64 அட்சரம், ஆதி தாளத்தில் 8 ஆவர்த்தனம். நடுத்தர வேகத்தில் சுமார் அரை நிமிடம். அதற்குள் குரலும் நடிப்பும் தெரிய வேண்டும், அதனால் பாட்டின் உச்சத்தில் முடியும் பகுதியை வெட்டிக்கொள்ள வேண்டும். வேகம், மெதுவு, நகைச்சுவை, பழைய பாணி, பாப் என்று எட்டுப் பத்துப் பாட்டு ஒரு ஃபைலில் இருக்கட்டும், ஒவ்வொன்றும் 16, 32 பார் வெட்டோடு. பியானோவுக்கான இசைத் தாள்கள் அவளுடைய சுருதியிலேயே இருக்க வேண்டும். பியானோக்காரரிடம் அங்கேயே மாற்றி வாசிக்கச் சொல்வது அநியாயம். பளபளப்பான பிளாஸ்டிக் உறை விளக்கில் கண்ணைக் கூசும், மங்கலான உறை வாங்குங்கள். தொடக்கமும் முடிவும் பென்சிலில் தெளிவாக இருக்கட்டும். வேகத்தை விரல் சொடுக்கிக் காட்டாமல் முதல் இரண்டு பாரை மெல்லப் பாடிக் காட்ட வேண்டும்.

டர்பனில் பிளேஹவுஸ் அரங்கு இருக்கிறது. உம்பிலோவில் ரம்பெலோ மாதிரி சாப்பாட்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்து பார்க்கும் சிறு அரங்கும் உண்டு. ஆனால் பெரிய தயாரிப்புகள் ஜொஹானஸ்பர்க் மொண்டெகசினோவின் டியாட்ரோ அரங்கிலும் கேப் டவுன் ஆர்ட்ஸ்கேப் அரங்கிலும்தான். படிப்பதென்றால் பிரிட்டோரியாவின் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மியூசிக்கல் தியேட்டருக்கென்றே படிப்பு உண்டு. முதல் வேலை கோரஸாகவோ ஸ்விங்காகவோ வரும். ஸ்விங் என்றால் பல பேருடைய இடத்தையும் கற்று வைத்து, யார் வராவிட்டாலும் அன்றிரவு ஏறுகிறவர். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். மறுபடி மறுபடி கூப்பிடுவது அவர்களைத்தான்.

ஒரு தயாரிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே காபரே, அதாவது சிறு அரங்கில் பாட்டும் பேச்சுமாக நடத்தும் நிகழ்ச்சி, கைகொடுக்கும். 60 முதல் 70 நிமிடம், 12 முதல் 14 பாட்டு, பியானோ, பேஸ், டிரம்ஸ். பாட்டுகளுக்கு நடுவே பேசுவதையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும். மேடையில் பேச்சு நீண்டால் நிகழ்ச்சி தொய்ந்துவிடும். பெரும்பாலும் சம்பளம் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு, ஆகவே ஒலி, விளக்கு, விளம்பரச் செலவு யாருடையது என்பது கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். தனித்தனிப் பாட்டுகளுக்கு அரங்கு சாம்ரோவிடம் (இசைப் பதிப்புரிமை அமைப்பு) வாங்கிய உரிமம் போதும். ஒரு மியூசிக்கலின் காட்சியை உடையும் வசனமுமாக நடித்தால் தனி உரிமை வாங்க வேண்டும். உல்லாசக் கப்பலில் பாடும் வேலை ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். தங்குமிடமும் சாப்பாடும் உண்டு என்பதால் கையில் பணம் மிஞ்சும். கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் தேவைப்படும்.

சுயதொழிலாக சம்பாதித்தால் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் வருமான வரித் துறையான சார்ஸுக்கு முன்கூட்டிய வரி உண்டு. ஒவ்வொரு சம்பளத்திலும் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

வாரம் எட்டு காட்சி பாடும் தொண்டைக்குப் பெரிய எதிரி நள்ளிரவுச் சாப்பாடு. பதினொரு மணிக்குக் காரமான பன்னி சௌ (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) சாப்பிட்டுப் படுத்தால் அமிலம் மேலே வந்து காலையில் குரல் கட்டியிருக்கும். காட்சிக்கு மூன்று மணி நேரம் முன்பே வயிறாரச் சாப்பிட்டு, காட்சி முடிந்ததும் லேசாக ஏதாவது போதும். குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பதும் பெல்ட் பாடுவதும் கூடாது. கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். பயிற்சி தொடங்கும் முன், குரல் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பார்த்துப் படத்தை வாங்கி வையுங்கள். பின்னால் ஏதாவது வந்தால் ஒப்பிட அது உதவும்.