கேளுங்க சொல்றோம்: நாஸுக்கு பீட்டு எடுக்கத் தெரியாதா?

கேள்வி: அண்ணே, என் மச்சான் சொல்றான் அமெரிக்க ரேப்பர் நாஸ் எழுதுறதுல ராஜா ஆனா பீட்டு (வரிக்குப் பின்னாடி ஓடுற இசை) செலக்ஷன்ல சுத்த மோசம், மொத ஆல்பம் இல்மாட்டிக் ஒண்ணத் தவிர எல்லாம் சொதப்பல்னு. எனக்கு புரொடியூசர் ஹிட்-பாய் பீட்டு போட்ட புது ஆல்பங்கதான் புடிக்கும், டாக்சில போட்டா சும்மா அதிருது. யாரு சரி?
– சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தம்பி, மச்சான் பழைய புகார அப்படியே ஒப்பிக்கிறாரு, நீங்க டாக்சி சப்-ஊஃபர வச்சு மார்க் போடுறீங்க. நம்ம ஊர் டாக்சில கோம் (டர்பன் டான்ஸ் மியூசிக்) போட்டா நெஞ்செலும்பு ஆடும், அது அதுக்குன்னே செஞ்ச பீட்டு, ரேப்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பேசுறவன் குரலுக்கு எடம் விடுதா, அதான் கேள்வி.

1994ல இல்மாட்டிக் வந்தப்ப நாஸுக்கு இருபது வயசு, டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், க்யூ-டிப், எல்.இ.எஸ்.னு நியூயார்க்ல அன்னைக்கு பீட்டு போடுறதுல கை தேர்ந்த ஆளுங்க எல்லாம் ஒரு சின்னப் பையனுக்காக வந்து வேல செஞ்சிருக்காங்க, அதுவும் இன்ட்ரோவோட சேத்து பத்தே டிராக், சுமார் நாப்பது நிமிஷம், தள்ளிவிட்டுக் கேக்க ஒண்ணுமில்ல. 'த வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்'ல பீட் ராக் ஜாஸ் கலைஞர் அஹ்மத் ஜமாலோட பியானோல ஒரு துண்ட எடுத்து சுத்த விட்டிருப்பாரு, அது பாட்டுக்கு ஓடும், குரல் மேல ஏறவே ஏறாது. இதுல மச்சானுக்கு ஃபுல் மார்க்.

ஆனா மத்ததெல்லாம் சொதப்பலா? 1996ல இட் வாஸ் ரிட்டன், டிராக்மாஸ்டர்ஸ்ங்கிற புரொடியூசருங்க கைக்குப் போய் ரேடியோ பளபளப்பு வந்துருச்சு, எனக்கு அவ்வளவா ஒட்டல, ஆனா அமெரிக்க பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல நம்பர் ஒன். 1999தான் நெஜமான சறுக்கல். டபுள் ஆல்பமா பிளான் பண்ணதுல பாட்டெல்லாம் முன்னாடியே லீக் ஆகி, ஏப்ரல்ல ஐ ஆம், அப்புறம் அவசர அவசரமா நவம்பர்ல நாஸ்ட்ரடாமஸ், அந்த அவசரம் பீட்டுலயே தெரியும். அதே ஆளுக்கு 2002ல புரொடியூசர் சலாம் ரெமி 'அபாச்சி'ங்கிற பழைய பாட்டோட டிரம்ஸ மெதுவாக்கி 'மேட் யூ லுக்' போட்டுக் குடுத்தாரு, அதக் கேட்டுட்டு மச்சான் சொதப்பல்னு சொல்லட்டும் பாப்போம்.

2018ல கன்யே வெஸ்ட் பீட்டு போட்ட நாஸிர் ஆல்பம், ஏழே பாட்டு, பீட்டு தனியா கேட்டா பிரமாதம், நாஸ் அதுல விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கிறாரு. ஹிட்-பாய் கதை நேரெதிர். 2020லேருந்து 2023க்குள்ள ஆறு ஆல்பம், ஒரே ஆளு பீட்டு, மொத ஆல்பம் கிங்ஸ் டிசீஸ் நாஸுக்கு மொத கிராமியும் வாங்கித் தந்துச்சு. ஆறும் ஒரே சீரா போகுது, ஆனா பீட் ராக் பியானோ மாதிரி மனசுல குந்திக்கிற பீட்டு ஒண்ணு ரெண்டு தேறுனாலே பெருசு. அதனால ஒட்டுமொத்த தரத்துல நீங்க, உச்சத்துல மச்சான்.

கேள்வி: பழைய ரேப் பீட்டுல ஒரு கரகரப்பு இருக்கே, ரெக்கார்டு தேஞ்சதாலயா?
– ஃபீனிக்ஸ்

பதில்: கொஞ்சம் அதுவும் உண்டு, மீதி மெஷின் வேலை. 1987ல வந்த எஸ்பி-1200ங்கிற சேம்ப்ளர் மெஷின் (ரெக்கார்டுலேருந்து துண்டு எடுத்து பீட்டு செய்யிறது) வெறும் 12 பிட்டு, மொத்தமே பத்து செகண்டுதான் சேம்பிள் புடிக்கும். எடம் பத்தாம 33 ஸ்பீடு ரெக்கார்ட 45ல ஓட்டி ஏத்திட்டு, உள்ள போய் மறுபடி மெதுவாக்குவாங்க, அதுல வர்ற கரகரப்பு அது. இப்ப அதே அழுக்க கம்ப்யூட்டர் பிளக்-இன்னு காசு குடுத்து வாங்குறாங்க.