ஆங்க்தீல்: ஒரு பெயரின் வழி

அன்புள்ள ஐயா,

புதுச்சேரிக்கு வந்து, பின்னாளில் உபநிடதங்களை லத்தீனில் மொழிபெயர்த்த ஆங்க்தீல் துய்பெரோன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்து முறை வென்ற சைக்கிள் வீரர் ழாக் ஆங்க்தீல் இவருடைய வழியில் வந்தவரா? நார்மண்டி வரைபடத்தில் ஆங்க்த்வில் என்று ஓர் ஊரும் கண்ணில் பட்டது. அதுதான் இவர்களுடைய பூர்வீகமா?

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊரிலிருந்து இவர்களுக்குப் பெயர் வரவில்லை. ஊருக்கும் இவர்களுக்கும் ஒரே ஆள்பெயர் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கிறது.

911-ல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் சார்ல்ஸ், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த ரோலோ என்ற வைக்கிங் தலைவனுக்கு ரூவான் நகரையும் அதைச் சுற்றிய நிலத்தையும் கொடுத்தார். பின்னாளில் நார்மண்டி ஆன அந்த நிலத்தில் குடியேறியவர்கள் கொண்டுவந்த பெயர்களில் ஒன்று ஆஸ்கெதில். 'ஆஸ்' என்றால் தெய்வம், ஓதினும் தோரும் சேர்ந்த கூட்டத்தில் ஒருவர். 'கெதில்' என்றால் கொப்பரை. நாம் வெந்நீர் வைக்கும் கெட்டிலும் அதே வேரில் பிறந்த சொல்தான்.

சரி, ஆஸ்கெதிலுக்குள் 'ங்' எப்படி வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வைக்கிங்குகள் பேசிய அந்தக் காலத்து நார்ஸ் மொழியில் அந்த 'ஆ' மூக்கொலியோடு ஒலித்தது. நார்மண்டியில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடியே அன்ஸ்கெதில் என்று எழுதினார்கள். நடுவிலிருந்த 'ஸ்' பின்னர் தேய்ந்து ஆங்க்தீல் ஆயிற்று. வடக்கே, பெயர் பிறந்த மண்ணிலோ மூக்கொலி மறைந்து ஆஸ்கெல் என்று சுருங்கியது. ஐஸ்லாந்தில் இன்றும் பிள்ளைகளுக்கு அப்படிப் பெயர் வைக்கிறார்கள். தாய்மண் தொலைத்த ஓர் ஒலியை பிரெஞ்சுக்காரர் வாய் ஆயிரம் வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறது!

நார்மண்டிக்காரர்கள் சில தலைமுறைகளில் நார்ஸ் மொழியை விட்டார்கள், கிறிஸ்தவர்களும் ஆனார்கள். ஆனாலும் பழைய தெய்வத்தின் பெயரைக் குழந்தைகளுக்கு வைப்பதை விடவில்லை. குடும்பப்பெயர் என்ற வழக்கம் அப்புறம்தான் நிலைத்தது. ஆங்க்தீல் என்று பெயர் வைத்திருந்த பலருடைய பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப்பெயராக நின்றது. நம் ஊரில் 'மு' என்று இனிஷியல் போடுகிறவர்கள் எல்லோருக்கும் அப்பா ஒரே முருகேசன் இல்லையே! 1731-ல் பாரிஸில் பிறந்த துய்பெரோனையும், 1934-ல் ரூவானை ஒட்டிய மோன்-சென்-தேன்யானில் பிறந்த ழாக்கையும் பெயரை மட்டும் வைத்து ஒரே குடும்பத்தில் சேர்க்க முடியாது.

ஆங்க்த்வில் என்றால் ஆஸ்கெதிலின் பண்ணை. முதல் பாதி நார்ஸ். 'வில்' லத்தீனின் வில்லாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆசல்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் ஆஸ்கெலின் ஊர்தான், 'பி' நார்ஸ் சொல். அந்த ஊர்ப்பெயர் நார்மண்டி வழியாக வந்ததல்ல, ஸ்காண்டிநேவியர்கள் நேரடியாகக் குடியேறி விட்டுச் சென்றது. நார்மன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன வடிவத்திலிருந்து ஹாஸ்கெல் என்ற குடும்பப்பெயர் வந்தது. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு அது பழக்கமான பெயர். ஹாஸ்கெல் கரி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர் நினைவாக ஒரு நிரல்மொழிக்கு வைத்தது.

துய்பெரோனின் உண்மையான உறவைத் தேடினால் சூரத்துக்குத்தான் போகவேண்டும். 1755-ல் புதுச்சேரியில் இறங்கியவர், 1758-ல் சூரத்துக்குப் போய்ப் பார்சி குருமார்களிடம் அவர்களுடைய வேதமான அவெஸ்தா படித்தார். உடன்பிறந்த ஆங்க்தீல் த பிரியாங்கூர் அதே சூரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் பண்டகசாலையில் வேலை பார்த்தார்.

அன்புடன்.