சைடு மிரர் ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது? உலோக மாடல் கார்களுக்கான பசைக் கேள்வி பதில்

உலோக மாடல் கார்களை ஒட்டுவது பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு வார்த்தைகளில். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அண்ணா, 1:18 டைகாஸ்ட் கார் (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு அளவில், அச்சில் வார்த்த உலோக மாடல்). சைடு மிரர் கழண்டு வந்துருச்சு. மூணு தடவை ஃபெவிக்விக் போட்டும் ரெண்டு நாள்ல விழுந்துடுது. வேற நல்ல பசை இருக்கா?

பசையை மாற்றும் முன் விழுந்த மிரரின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள் தம்பி. காரின் நிறத்தில் ஒரு மெல்லிய செதில் ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பசை தோற்கவில்லை, பெயின்ட்தான் தோற்றிருக்கிறது. உலோகத்தின் மேல் பெயின்ட், பெயின்ட்டின் மேல் பசை. பெயின்ட் உரிந்தால் எல்லாமே கையோடு வந்துவிடும்.

செதில் இல்லாமல் கண்ணாடித் துகள் மாதிரி பழைய பசை மட்டும் இருந்தால் காரணம் வேறு. ஃபெவிக்விக் வகைப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் சட்டென்று விட்டுவிடும், ஏனென்றால் காய்ந்தபின் அதற்கு வளையத் தெரியாது. மிரரோ காரிலிருந்து கைநீட்டி நிற்கிற பாகம். துடைக்கும் துணி பட்டாலே நெம்புகோல்போல் அடிவாரத்தைக் கிளப்பும். அதன்மேல் நீங்கள் பழைய பசையைச் சுரண்டாமல் மூன்று முறை போட்டிருக்கிறீர்கள். இப்போது அங்கே பசையைப் பசை பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒட்டும் இடத்தில் மட்டும், மிரர் மறைக்கும் அளவுக்குள், பிளேடு முனையால் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைக் காட்டுங்கள். 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகக் கீறி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அதன்பிறகு அங்கே விரல் வைக்காதீர்கள். மிரரின் தண்டு ஓரளவு தடிமனாக இருந்தால் இரண்டு பக்கமும் 0.6 மி.மீ. துளை போட்டு, ஸ்டேப்ளர் பின் கம்பியில் ஒரு துண்டை ஆணியாக உள்ளே விட்டு, அரால்டைட் போடுங்கள் (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்து போடும் எபாக்சி பசை). பாரத்தைக் கம்பி தாங்கும், பசை கம்பியைப் பிடித்தால் போதும். நான் இப்படி ஒட்டிய எதுவும் இதுவரை விழுந்ததில்லை.

ஐந்து நிமிட எபாக்சி வாங்குவதா, ராத்திரி முழுக்கக் காயவிடும் சாதாரண அரால்டைட்டா?

கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டிய பாகம் என்றால் ஐந்து நிமிடம். சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்றால் மெதுவாகக் காய்வதே உறுதி. ஐந்து நிமிடம் என்பது கெட்டியாகத் தொடங்கும் நேரம். அதை நம்பிக் காரைத் தூக்காதீர்கள், ஒரு நாள் விடுங்கள்.

ரெசினும் ஹார்டனரும் சம அளவு. ஒருமுறை கண் அளவில் ஹார்டனரைக் குறைத்துவிட்டேன். அந்த பம்பர் ஒரு வாரம் கழித்தும் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தது, முழுவதையும் வழித்தெடுக்க ஒரு ஞாயிறு போனது. அன்றிலிருந்து கலந்ததில் மிச்சத்தை ஓர் அட்டையில் வைத்திருப்பேன். நகத்தால் அழுத்திப் பார்ப்பது அட்டையைத்தான், காரை அல்ல.

சார், பம்பர் ஒட்டினேன், விண்ட்ஷீல்டு முழுக்க வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. என் கைரேகைகூடத் தெரியுது!

சயனோஅக்ரிலேட்டின் ஆவி அது. காற்றின் ஈரத்தில் இறுகி வெள்ளைத் தூளாகப் படியும். விரல் பட்ட இடத்தில் இன்னும் விரும்பிப் படியும். தடயவியல் கூடங்களில் கைரேகை எடுக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில், மூடிய அறையில், தாராளமாகப் பசை போட்டால் நிச்சயம் வரும்.

லேசாக இருந்தால் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போகும். அசிட்டோன் தொடவே கூடாது, கண்ணாடியே மங்கிவிடும். இனிமேல் கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் வெள்ளை ஃபெவிகால்தான். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், தவறினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

ஹாட் வீல்ஸ் காரைப் பிரித்து பெயின்ட் அடித்தேன். அடித்தட்டை எதால் ஒட்டுவது?

ஒட்டாதீர்கள். எப்படியும் இன்னொரு முறை திறப்பீர்கள். அடித்தட்டைப் பிடித்திருக்கும் உலோகத் தூணின் நசுக்கிய முனையை, அதாவது ரிவெட் தலையை, ஏற்கனவே துளைத்து எடுத்திருப்பீர்கள். அதே தூணில் நடுவாக 1.6 மி.மீ. துளை போட்டு, எம்2 டேப்பால் (2 மி.மீ. திருகாணிக்கு மரை வெட்டும் கருவி) மரை வெட்டி, திருகாணி போடுங்கள். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்புங்கள். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே முறியும்.

1:43 வொயிட் மெட்டல் கிட் வாங்கியிருக்கேன் அண்ணா. சால்டரிங் பண்ணணும்னு சொல்றாங்க, பயமா இருக்கு.

பயம் நியாயமானது. வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகம் அது. 180 டிகிரிக்கு மேல் உருகும் சாதாரண சால்டரைச் சாதாரண சால்டரிங் அயர்னில் வைத்தால் உங்கள் பம்பர் கண்ணெதிரே சொட்டாகிவிடும். 70 டிகிரியில் உருகும் தனி சால்டரும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அயர்னும் வேண்டும். முதல் கிட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. பெரிய பாகங்களுக்கு எபாக்சி, சின்னவற்றுக்கு ஜெல் வகை சயனோஅக்ரிலேட். ஒட்டும் முன் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சில் தடவும் பொடி ஒட்டியிருக்கும்.

மெல்லிய பித்தளை லோகோ, கிரில் தகடுகளுக்கு?

லோகோவுக்குத் தெளிவான வார்னிஷ் ஒரு துளி போதும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஒன்றோடொன்று இணையும் தகடுகளுக்கு மட்டும் சயனோஅக்ரிலேட், அதுவும் ஊசி முனையில் தொட்டு. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் கிரில் ஓட்டையெல்லாம் அடைபடும்.

யுவி பசை, லாக்டைட் நீலம் இரண்டும் என்னிடம் உள்ளன. உலோகத்துக்கு ஆகுமா?

யுவி பசைக்கு வெளிச்சம் படவேண்டும். இரண்டு உலோகத்துக்கு நடுவே வெளிச்சம் ஏது? லாக்டைட் நீலம் திருகு மரைக்கானது. காற்று போகாத இடுக்கில் உலோகத்தோடு உரசும்போதுதான் இறுகும், வெளியே வழிந்தது ஈரமாகவே கிடக்கும்.

அப்பாவுடைய பழைய கார். பாடியில் தானாகவே விரிசல் வந்து உப்பிக்கொண்டே போகிறது. ஒட்டிக் காப்பாற்ற முடியுமா?

முடியாது என்பதுதான் நேர்மையான பதில். டைகாஸ்ட் காரின் உலோகம் துத்தநாகக் கலவை. வார்க்கும்போது அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உள்ளிருந்தே சிதையும். 1930களின் டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள் பல இப்படித்தான் போயின. பசை விரிசலை நிரப்பும், நோயை நிறுத்தாது. ஈரமில்லாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். முக்கியமாக இப்போதே நாலாபக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

தப்பாக ஒட்டிவிட்டதை எப்படிப் பிரிப்பது?

எபாக்சி சூட்டில் தளரும். ஹேர் டிரையர் காட்டி மெதுவாக அசையுங்கள். சயனோஅக்ரிலேட் என்றால் காரைப் பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் பக்கவாட்டில் தட்டுங்கள். அசிட்டோன் கரைக்கும், ஆனால் கூடவே பெயின்ட்டையும் கரைக்கும்.

விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உருட்டிப் பிரியுங்கள், இழுக்காதீர்கள். வழிந்த சயனோஅக்ரிலேட்டைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒற்றவே வேண்டாம். பருத்தி பட்டதும் ஒரேயடியாகச் சூடாகிப் புகையும், தோலைப் பொசுக்கும். என் வலது பெருவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.