பெயர் தெரியாமல் காப்பாற்றுவது

அன்புள்ள ஐயா,

விலங்கியல் இளங்கலை முடித்திருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது ஓர் ஆவணப்படத்தில் பவளப்பாறைகள் வெளுத்துச் சாவதைப் பார்த்து அழுதேன். கடல் உயிரியல்தான் என் வழி என்று அன்றே முடிவு செய்தேன். பவளப்பாறைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கனவு. முதுகலையைப் பரங்கிப்பேட்டையில் படிக்கலாமா, கடன் வாங்கியாவது ஆஸ்திரேலியா போகலாமா? எனக்கு நீச்சல் தெரியாது, அது தடையா? அம்மா பி.எட். சேரச் சொல்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

எஸ்., பரமக்குடி

அன்புள்ள எஸ்.,

முதலில் நீச்சல். வைகையில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது. கற்றுக்கொள்ளுங்கள். இதற்கெல்லாமா கடிதம் எழுதி யோசனை கேட்பார்கள்?

பரங்கிப்பேட்டையா ஆஸ்திரேலியாவா என்பதும் இப்போதைக்கு அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. என்னை உறுத்தியது வேறு. இவ்வளவு உருக்கமான கடிதத்தில் ஒரு பவளத்தின் பெயர்கூட இல்லை. உங்கள் ஊரிலிருந்து மன்னார் வளைகுடா பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வரி? கிடையாது. படத்தில் பார்த்தது எந்த நாட்டுக் கடல் என்றாவது கவனித்தீர்களா? அழுததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, அந்த வயதில் அழுகை வந்தது நல்லதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஆராய்ச்சி செய்வீர்கள்?

கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழக்கரைப் பக்கம் என் அப்பத்தா வீட்டுச் சுற்றுச்சுவரை அண்மையில் இடித்தார்கள். கடலில் வெட்டியெடுத்த கல்லால் கட்டிய சுவர். பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லின் முகம் தெரியும். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவில் நெருக்கமாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இறங்கும் மெல்லிய தகடுகள். அவற்றில் விரல்விட்டு விளையாடியிருக்கிறோம். அது பவளக் கல், ஒவ்வொரு குழியும் ஒரு பாலிப், அதாவது பவளத்தைக் கட்டும் குட்டி உயிர், குடியிருந்த இடம் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் வள்ளத்தில் போய்க் கல் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டவர். எந்தப் பாரில், அதாவது கடலடித் திட்டில், உருண்டைக் கல், எதில் கொம்புக் கல், எது வெந்தால் சுண்ணாம்பு வெள்ளையாக வரும், எந்தக் காற்றுக்குத் தண்ணீர் தெளியும், எல்லாம் சொல்வார். அந்த உருண்டைக் கல் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இப்படிப் பலர் பெயர்த்துப் பெயர்த்து, அரண் போன கரையை அலை அரித்து, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001இல்தான் பவளங்கள் வன உயிரினச் சட்டத்தில் கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கு வந்தன. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அழித்தவருக்குத் தெரிந்த அளவுகூடக் காப்பாற்ற வருகிறவர்களுக்குத் தெரியவில்லையே என்பதில் அதைவிடக் கோபம்.

ஆஸ்திரேலியா என்றீர்களே, அங்கே நடந்ததைக் கேளுங்கள். 1928இல் மாரிஸ் யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு வந்து, கிரேட் பேரியர் ரீஃபில் உள்ள லோ தீவுகளில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி ஆராய்ந்தது. யங்குக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள், பவளங்கள் பெரும்பாலும் குஞ்சை உள்ளேயே வளர்த்து வெளியே விடுகின்றன என்றுதான் பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

1980களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில இளம் ஆராய்ச்சியாளர்கள், பீட்டர் ஹாரிசன், ரஸ் பாப்காக் முதலானவர்கள், எதிரே இருந்த மேக்னடிக் தீவின் பவளங்களைத் திரும்பத் திரும்பத் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த முட்டைகள் வெளிறிய நிறத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறிவந்தன. பௌர்ணமி கழிந்த சில நாட்களில், நன்றாக இருட்டிய பிறகு, பாலிப்புகளின் வாயில் கடுகளவு உருண்டைகள் வந்து நின்றன. முட்டையும் விந்தும் சேர்ந்த பொட்டலம். அப்புறம் எல்லாம் கழன்று மேலே மிதந்து போயின. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் ஆண்டில் இப்படிச் சில இரவுகளில் ஒன்றாக முட்டையிடுகின்றன என்று பிறகு தெரியவந்தது. 1984இல் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அவ்வளவு பெரிய பவளத்திட்டில் வருஷா வருஷம் நடந்த விஷயம்! எத்தனை மேதைகள் பகலில் முங்கிப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்கியிருக்கிறார்கள்!

வெப்பத்தில் செத்த திட்டுகளில் பவளக் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் வேலையை ஹாரிசன் பின்னாளில் செய்தார். அந்த இரவுகள் எவை என்று தெரியாமல் அது எப்படி முடிந்திருக்கும்? நம் பக்கமும் மார்ச், ஏப்ரல் பௌர்ணமியை ஒட்டி மான்கொம்புப் பவளங்கள் முட்டையிடுவது பதிவாகியிருக்கிறது. கரையில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் சமயம்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சி.எஸ். கோபிநாத பிள்ளை மன்னார் வளைகுடாவில் 94 பவள இனங்களைப் பட்டியலிட்டார். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் ஆய்வு நிறுவனத்தார் பின்னால் அதை 117 ஆக்கினார்கள். வெறும் பட்டியல்தானே என்று நினைக்காதீர்கள். 2016 வெப்பத்தில் அங்கே உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 ஆகக் குறைந்தது என்று சொல்ல முடிகிறதே, எப்படி? நீருக்கடியில் டேப்பை விரித்து, அதன் கீழே வருவதையெல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் எழுதிவைக்க ஆள் இருந்ததால். அந்த வேலையில் அழக்கூடாது, முகக்கண்ணாடி மங்கிவிடும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். கரையில் ஒதுங்கிய செத்த துண்டுகள் கிடக்கும். அவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், சட்டம் விடாது. அங்கேயே உட்கார்ந்து, குழி எப்படி, தகடு எத்தனை என்று நோட்டில் வரையுங்கள். சலித்துப்போனால் தாராளமாக பி.எட். சேருங்கள். நல்ல விலங்கியல் ஆசிரியர்களுக்கும் இங்கே பஞ்சம்தான்.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இந்தத் துறையில் நிரந்தர வேலை குறைவு. பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடும் சம்பளம், திட்டம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுக் கடன் பேச்சை மட்டும் இப்போது வீட்டில் எடுக்காதீர்கள்.