டிஎன்ஏ நகலாகும்போது ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக உருவாகிறது? மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். "ஒரு இழை தொடர்ச்சியாக உருவாகும், மற்றது ஒகசாகி துண்டுகளாக உருவாகும்" என்ற வரியைப் பத்து முறை படித்தும் மனதில் ஒட்டியிருக்காது. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்த வரியில் 'ஏன்' என்பதற்குப் பதிலே கிடையாது.

நான் 16 வருடமாக உயிரியல் ஆசிரியை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. இதையே என்னிடம் கேட்ட ஒரு மாணவியை ஒரே வரியில் உட்கார வைத்தவள் நான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சியாளர் இல்லை. 'மனித செல்லில் பாலிமரேஸ் எப்சிலான் ஒரு இழையையும் டெல்டா மற்றொன்றையும் உருவாக்குகின்றன, அதைச் சொல்லவில்லையே' என்று கேட்க வருபவர்களுக்கு: தெரியும், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். முதல் முறை புரிந்துகொள்பவருக்குப் பெயர்கள் குறையக் குறைய நல்லது.

அன்று நடந்தது இதுதான். கரும்பலகையில் இரட்டிப்பாதல் கவையை, அதாவது நகலாகும்போது இரண்டு இழைகளும் Y போலப் பிரியும் இடத்தை, வரைந்து முடித்திருந்தேன். ஹெலிகேஸ் என்ற நொதி இரண்டு இழைகளையும் பிரிக்கிறது, பாலிமரேஸ் என்ற நொதி ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே புது எழுத்துகளைக் கோக்கிறது, ஆனால் புது இழையின் இரண்டு முனைகளில் 3′ எனப்படும் முனையில் மட்டுமே சேர்க்கும் என்று சொல்லி முடித்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். "டீச்சர், இவ்வளவு சிக்கலுக்கு இன்னொரு முனையில் சேர்க்கிற நொதி ஒன்று இருந்திருந்தால் போதுமே. ஏன் இல்லை?" பாடம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. "அப்படி ஒரு நொதி இல்லைம்மா, அவ்வளவுதான். எழுதிக்கோ" என்றேன். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த 'சரி' என்னைத் தூங்கவிடவில்லை. நான் படித்த காலத்தில் இதே கேள்விக்கு எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று நாள் தேடிப் படித்தேன். பதில் அத்தனை அழகானது.

புதிதாக வரும் ஒவ்வொரு எழுத்தும், அதாவது நியூக்ளியோடைடும், மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. அதில் இரண்டு கழன்று விழும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் அது சங்கிலியோடு ஒட்டுகிறது. அதாவது ஒட்டுவதற்கான செலவை வருகிறவரே கொண்டுவருகிறார். இப்போது ஒரு தப்பான எழுத்து ஒட்டிவிட்டது என்று வையுங்கள். பாலிமரேஸ் நின்று, அந்தக் கடைசி எழுத்தை வெட்டி எறிகிறது. சங்கிலியின் நுனி முன்பு இருந்தபடியே இருக்கிறது. அடுத்து வரும் சரியான எழுத்து தன் பாஸ்பேட்டுகளோடு வருகிறது, ஒட்டுகிறது, வேலை தொடர்கிறது.

எதிர்த் திசையில் வளர்ந்தால்? ஆற்றல் தரும் பாஸ்பேட்டுகள் சங்கிலியின் நுனியில் இருக்க வேண்டும். தப்பான எழுத்தை வெட்டினால் அதோடு அந்தப் பாஸ்பேட்டுகளும் போய்விடும். அடுத்த எழுத்து வந்து நின்றாலும் ஒட்ட ஆற்றல் இல்லை, சங்கிலி அங்கேயே நின்றுபோகும். எழுதியதைத் திருத்தவும் வேண்டும், திருத்திய பிறகு தொடரவும் வேண்டும் என்றால் ஒரே திசையில் வளர்வதுதான் வழி. துண்டு துண்டாக எழுதுவது அதற்காகச் செல் ஏற்றுக்கொண்ட கூடுதல் வேலை.

நான்காம் நாள் வகுப்புக்கு இரண்டு நீளமான காகிதக் கீற்றுகளோடு போனேன். நீங்களும் செய்யுங்கள். ஒன்றில் இடமிருந்து வலமாகவும், மற்றதில் வலமிருந்து இடமாகவும் அம்புக்குறி போடுங்கள்; டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளிப் மாட்டி, ஒரு ஓரத்திலிருந்து நான்கு விரல் அகலம் பிரியுங்கள். இதுதான் கவை. பென்சிலுக்கு ஒரே விதி: கீற்றில் உள்ள அம்புக்கு எதிர்த் திசையில் மட்டுமே நகர வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் தொடங்கும் இடத்தில் சிவப்பில் சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். அது ப்ரைமர், சுமார் பத்து எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ. பாலிமரேஸுக்கு வெறும் இடத்தில் தொடங்கத் தெரியாது, பிடித்துக்கொள்ள ஒரு நுனி வேண்டும்.

அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன். ஒரு கீற்றில் பென்சில் கவையை நோக்கி ஓடியது. நான் பிரிக்கப் பிரிக்க அவள் கோட்டை நீட்டிக்கொண்டே போனாள். மற்றதில் கவையருகே தொடங்கி வெளி ஓரம்வரை வந்து கை நின்றது. இன்னும் நான்கு விரல் பிரித்தேன். பென்சிலைத் தூக்கிக் கவைக்குத் திரும்பிப் போய், புதிதாக ஒரு சிவப்புக் கட்டம் போட்டு, பழைய கோட்டின் தொடக்கம்வரை வந்தாள். மூன்றாம் முறை பிரிப்பதற்குள் "ஓ!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. பிறகு சிவப்புக் கட்டங்களை அழித்து, அந்த இடங்களைப் பக்கத்துத் துண்டை நீட்டி நிரப்பி, இடைவெளியை லிகேஸ் என்ற நொதி ஒட்டுகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொன்னேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மனித செல்லில் இந்தத் துண்டு ஒவ்வொன்றும் 100 முதல் 200 எழுத்துதான், பாக்டீரியாவில் 1000 முதல் 2000. நம் செல் ஒன்றில் 600 கோடிக்கு மேல் எழுத்து இணைகள் இருப்பதால், ஒரு செல் ஒருமுறை பிரிவதற்குள் இப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள் உருவாகி ஒட்டப்படுகின்றன. எட்டு மணி நேரம் போல ஆகும். வேகம் நொடிக்கு 50 எழுத்து அளவுதான். முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி இணைகள். நடுவில் ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடினால்கூட முடிக்க ஒரு மாதம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் செல் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது. அப்புறம், அந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு: கோக்கும்போது லட்சத்தில் ஒன்று தப்பாகும், வெட்டித் திருத்துவதால் அது கோடியில் ஒன்றாகும், பின்னால் வரும் இன்னொரு பழுதுபார்ப்புக் கூட்டம் அதை 100 கோடியில் ஒன்றாக்கும்.

கேட்காததையும் சொல்கிறேன், மன்னியுங்கள். 'ஒகசாகி துண்டுகள்' என்றதும் எல்லாப் பாடமும் ரெய்ஜி ஒகசாகி என்ற ஒருவரை மட்டும் சொல்கிறது. 1968-ல் அந்த முடிவுகளை வெளியிட்டபோது அவர் மனைவி சுனேகோ ஒகசாகியும் சேர்ந்தே உழைத்தவர். ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி 1975-ல் ரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் ஆய்வைக் கைவிடாமல், துண்டுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆர்என்ஏ ப்ரைமர் வரை கொண்டுபோனவர் சுனேகோ. என் வகுப்பில் இரண்டு பெயரையும் சொல்லாமல் நான் நகர்வதில்லை. ஒருமுறை விடைத்தாள் திருத்தும் இடத்தில், இரண்டு பெயரையும் எழுதிய ஒரு பிள்ளைக்கு 'விடைக்குறிப்பில் இல்லை' என்று அரை மதிப்பெண் குறைத்தார்கள். வாதாடினேன், கேட்கவில்லை. கூடுதலாகத் தெரிந்துவைத்திருந்ததற்கு ஒரு பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பிடுங்குவது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

சரி, கீற்றுக்கு வருகிறேன். அன்று மணி அடித்த பிறகும் அந்தப் பெண் நகரவில்லை. இரண்டாவது கீற்றின் கடைசி ஓரத்தைக் காட்டினாள். அங்கே கடைசிச் சிவப்புக் கட்டத்தை அழித்துவிட்டு, "மற்ற இடத்தில் எல்லாம் அடுத்த துண்டு வந்து நிரப்பியது. இங்கே அடுத்த துண்டே இல்லையே டீச்சர், இது காலியாகவே இருக்குமா?" என்றாள்.

ஆமாம், காலியாகவே இருக்கும். ஒவ்வொரு நகலிலும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் குறையும். அந்த இழப்பைத் தாங்க நுனிகளில் டெலோமியர் என்று திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள் இருக்கின்றன. சில செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி அதை மீண்டும் நீட்டுகிறது. இதைக் கண்டறிந்த எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவளிடம் இதைச் சொன்னேன். கீற்றைக் கேட்டாள், கொடுத்தேன்.