கேள்வி–பதில்: நான்கு கைவேலை, ஒரு முதுகுப்பை

கேள்வி: வேலையை விட்டுவிட்டு ஓராண்டு பேக்பேக்கோடு பல நாடுகள் சுற்றப் போகிறேன். குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்), எம்பிராய்டரி, ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிசின்) நகை, குவில்லிங் (காகிதச் சுருள் வேலை) நான்கும் செய்வேன்; சின்ன அளவில் ஆர்டரும் எடுக்கிறேன். எதையும் விட மனமில்லை. எல்லாவற்றையும் ஒரே பையில் எப்படி அடக்குவது? வழியில் விற்றே செலவைச் சமாளிக்க முடியுமா? – ஒரு வாசகி

பதில்: நான்கையும் அடக்க முடியாது. விற்றுச் சமாளிக்கலாம் என்று நம்பியும் கிளம்பாதீர்கள். ஊர் சுற்றும்போதும் கைவேலை விட்டுப்போகக் கூடாது என்ற உங்கள் தவிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது; அதனால்தான் கறாராகச் சொல்கிறேன். உங்களிடம் ஒரு கைப்பழக்கமும் இருக்கிறது, ஒரு வியாபாரமும் இருக்கிறது. பழக்கம் கூடவே வரட்டும், வியாபாரம் வீட்டில் இருக்கட்டும்.

முதலில் எடை. முதுகில் சுமக்கும் பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நெடுந்தூரம் நடப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 55 கிலோ இருப்பவருக்கு அது 11 கிலோ. துணிமணி, மழைக்கோட்டு, மருந்து, சார்ஜர், தண்ணீர் எல்லாம் அதற்குள் வர வேண்டும். பல விமானங்களில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான். கைவேலைக்கு அரைக் கிலோ ஒதுக்குங்கள், போதும்.

ரெசினை இன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மி.லி.க்கு மேற்பட்ட புட்டி கேபினுக்குள் போகாது; ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர்களில், அரிக்கும் ரசாயனம் என்று வகைப்படுத்தப்பட்டவற்றைப் பெட்டியில் போட்டும் அனுப்ப முடியாது. ஊற்றியது முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் ஆடாத, மட்டமான, தூசியில்லாத இடம் வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் அதற்கு எங்கே போவீர்கள்? அந்த ஆவியைப் பக்கத்துக் கட்டில்காரர் ஏன் சுவாசிக்க வேண்டும்? குவில்லிங் தாளுக்கு எடையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈரக்காற்றில் சுருள் தளரும், பையில் நசுங்கும். அதுவும் வேண்டாம்.

மீதி இரண்டில் என் ஓட்டு எம்பிராய்டரிக்கு. குரோஷே நூலைத் தின்னும். மெல்லிய காலுறை நூல் 100 கிராமில் சுமார் 400 மீட்டர் வரும். ஒரு ஜோடிக்கே அது சரியாகப் போய்விடும். முடித்ததையும் சுமக்க வேண்டும். எம்பிராய்டரியிலோ ஆறு இழை நூல் ஒரு கண்டு 8 மீட்டர். ஒற்றை இழையாகப் பிரித்தால் 48 மீட்டர். துணிக்கும் தனி எடை கிடையாது, எப்படியும் கொண்டுபோகும் சட்டையிலும் பையிலுமே போடலாம். ஜப்பானின் சஷிகோ தையலைக் கிளம்பும் முன் பழகிக்கொள்ளுங்கள். துணியை அடுக்கி உறுதியாக்கவும் கிழிசலைச் சரிசெய்யவும் பிறந்த எளிய ஓட்டுத்தையல் அது. முழங்காலில் கிழிந்த பேன்ட்டே உங்கள் அடுத்த வேலையாகிவிடும்.

நூலைக் கண்டாகவே எடுத்துப் போகாதீர்கள், சிக்கு விழும். சின்னச் சின்ன அட்டையில் சுற்றி, ஓரத்தில் நிற எண்ணை எழுதுங்கள். ஊசிகளைக் கம்பளித் துண்டில் குத்தி, மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரக்காற்றில் துணியிலேயே குத்தி விட்ட ஊசி துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். வெள்ளைத் துணியில் அது லேசில் போகாது. சிவப்பு, கருநீல நூல்களை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் விட்டால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், விடுதியில் எல்லாத் துணியும் ஒரே வாளியில்தான் ஊறும்.

கத்தரிக்கோல் விஷயத்தில் கவனம். ஐரோப்பிய விமான நிலையங்களில் அலகு 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் கேபினில் விடமாட்டார்கள். அமெரிக்காவில் திருகிலிருந்து 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பதக்கம் போலத் தொங்கும் வட்ட நூல்வெட்டி ஆபத்தில்லாததாகத் தெரியும், ஆனால் உள்ளே வட்ட பிளேடு இருப்பதால் அமெரிக்காவில் அதைத்தான் தடுக்கிறார்கள். எங்கே போனாலும் கடைசி முடிவு சோதனை அதிகாரியுடையது. பாட்டி கொடுத்த கத்தரிக்கோல் இருந்தால் அதை எடுத்துப் போகாதீர்கள்.

விற்பதைப் பற்றி. பெரும்பாலான நாடுகளில் டூரிஸ்ட் விசா சம்பாதிப்பதற்கு அனுமதி தராது. நடைபாதையில் துணி விரித்து நான்கு வளையல் விற்பதும் அதில் சேரும்; தங்க இடம் தந்தால் வேலை செய்கிறேன் என்பதைக்கூடப் பல நாடுகள் வேலையாகவே பார்க்கின்றன. பிடிபட்டால் அபராதத்தோடு போகாது. இதற்கு முன் எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டீர்களா என்ற கேள்வி பல விசாப் படிவங்களில் இருக்கிறது. ஆண்டுச் செலவு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். போதவில்லை என்றால் ஆறு மாதம் போங்கள்.

வழியில் கிடைக்கும் விதை, இறகு, பவளத் துண்டு எதையும் அழகாக இருக்கிறதே என்று பையில் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தாவர, விலங்குப் பொருளை அறிவிக்காமல் கொண்டுவந்தால் அபராதம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் சட்டப்படி, அந்த நாட்டுக்குரிய பறவைகளில் பெரும்பாலானவற்றின் உதிர்ந்த இறகைக்கூட வைத்திருக்கக் கூடாது.

பொருளுக்குப் பதில் நுட்பத்தைச் சேருங்கள். பெருவின் தக்கிலே தீவில் ஆண்கள் சிறுவயதிலேயே பின்னல் பழகுகிறார்கள். அந்தத் தீவின் நெசவுக்கலையை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. அப்படி ஓர் இடத்தில் நாலு நாள் கூடுதலாகத் தங்கி, உரிய கட்டணம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதற்காகவும்தான் ஆர்டர் எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

கையில் இருக்கும் ஆர்டர்களுக்குக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே கடைசித் தேதி அறிவித்துவிடுங்கள். அதற்குள் முடிக்க முடியாதவற்றுக்கு வாங்கிய முன்பணத்தை, அவர்கள் கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள்.