லேப்ரடூடிலுக்குக் கூடுதல் கவனிப்பு தேவையா?

கேள்வி: லேப்ரடாரும் பூடிலும் கலந்த ‘லேப்ரடூடில்’ குட்டி ஒன்றை என் மகன் பெங்களூரிலிருந்து வாங்கிவந்து, கோட்டையூரில் எங்களிடம் விட்டுப் போயிருக்கிறான். இப்போது எட்டு மாதம். முன்பு சிப்பிப்பாறை வளர்த்தோம். சோறும் தடுப்பூசியும் தவிர அதற்கு ஒரு செலவும் இல்லை. இதற்கோ காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. ஓயாமல் தலையை உதறுகிறது. ‘வெயிலுக்கு மொட்டையடித்து விடு’ என்கிறார் அப்பத்தா. ‘இந்த முடி கொட்டாது, இளைப்பு உள்ளவர்கள் வீட்டுக்கும் ஆகும்’ என்று விற்றவர் சொன்னாராம். பூடில் கலப்பு நாய்களுக்கு மற்ற நாய்களைவிடப் பராமரிப்பு அதிகமா?

மருத்துவர் பதில்: அதிகம்தான். ஆனால் நோய் அதிகம் என்று பயப்பட வேண்டாம். லண்டனிலுள்ள ராயல் வெட்டினரி காலேஜ் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பூடில் கலப்பு நாய்களையும் அவற்றின் தாய் தகப்பன் இனங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான நோய்களில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கலப்பு என்பதால் ஆரோக்கியம் கூடிவிடுவதும் இல்லை, குறைந்துவிடுவதும் இல்லை. உங்களுக்குக் கூடப்போவது முடி வேலை. அந்த முடிக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் உண்மையான ஆபத்து.

சிப்பிப்பாறையின் முடி குட்டையானது. ஓரளவு வளர்ந்ததும் நின்று, தானாக உதிர்ந்துவிடும். பூடில் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் முடியும் தரையில் விழாமல் பக்கத்துச் சுருளில் சிக்கிக்கொள்ளும். ‘கொட்டாது’ என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான். அதிலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். அந்தச் சில மாதங்களில் சிக்கு விழுவதுபோல வேறெப்போதும் விழாது. உங்கள் நாய் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

பலர் தினமும் பிரஷ் போட்டும் சிக்கு விழக் காரணம், மேலோட்டமாகச் சீவுவதுதான். மேலே பஞ்சுபோல இருக்கும். அடியில் தோலோடு ஒட்டிக் கம்பளம்போல இறுகியிருக்கும். முறை இதுதான்: நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து நுனி வரை ஸ்லிக்கர் பிரஷால் (வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள பிரஷ்) மெதுவாகச் சீவுங்கள். கம்பி தோலில் உரசக் கூடாது. முடித்ததும் ஒரு விரல் அகலம் தள்ளி அடுத்த கோடு. கடைசியில் ஸ்டீல் சீப்பை அடியிலிருந்து விட்டுப் பாருங்கள்; எங்கே தடைபடுகிறதோ அங்கே சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டை படும் இடம், வாலடி, கால் விரல் இடுக்கு ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். மற்ற இடங்களுக்கு வாரம் மூன்று முறை போதும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டியாக வேண்டும்.

சீவி முடித்த பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும். சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் அது இன்னும் இறுகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல், நாய்க்கான ஷாம்புவில். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அடிமுடி வரை காயவிடுங்கள்.

சிக்கை அப்படியே விட்டால் அது தோலை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஈரம் தங்கித் தோல் சிவந்து புண்ணாகும். நம் பக்கத்தில் இதைவிட மோசமானது புழு வைப்பது. வாலடியில் மலம் ஒட்டிய சடையிலோ, சடைக்குள் கசியும் புண்ணிலோ ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு நெளியும். திடீரென்று துர்நாற்றம் வந்தாலோ, நாய் ஒரே இடத்தை விடாமல் நக்கினாலோ முடியை விலக்கிப் பாருங்கள்.

முடிக்கட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடாதீர்கள். கட்டிக்குள் தோலும் சேர்ந்து மேலே இழுபட்டிருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டித் தையல் போட வரும் நாய்கள் ஏராளம். இறுகிய கட்டியை 10-ஆம் எண் பிளேடு மாட்டிய கிளிப்பரால் (முடி வெட்டும் மெஷின்), தோலுக்கு இணையாக ஓட்டி எடுக்க வேண்டும். பிளேடு சீக்கிரம் சூடேறும் என்பதால் அவ்வப்போது கையில் தொட்டுப் பார்க்கவும் வேண்டும்.

தலையை உதறுவது காது நோயின் அறிகுறி. பூடிலுக்குக் காதுக் குழாய்க்குள்ளும் முடி வளரும். மேலே மடிந்த காது மூடிக்கொண்டிருக்கும். பூடில், லேப்ரடார் இரண்டுமே தண்ணீரில் இறங்கிப் பழகிய இனங்கள். ஊருணியைக் கண்டால் இறங்காமல் வராது. உள்ளே போன ஈரம் காயாமல் பூஞ்சை வளரும். பழுப்பு நிற அழுக்கும் புளித்த வாடையும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சள் சீழ் வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகளே காதைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும். குணமான பிறகு வாரம் ஒருமுறை, தண்ணீரில் இறங்கிய நாள்களிலும், நாய்களுக்கான காது கழுவும் திரவத்தை நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். நாய் உதறியதும் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பஞ்சால் துடைத்தால் போதும். பட்ஸ் வேண்டாம், அழுக்கை அது உள்ளேதான் தள்ளும்.

அப்பத்தா சொல்வதில் பாதி சரி. நம் ஊர் வெயிலில் நீள முடி தொல்லைதான். சுருள் முடி என்றால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைத்து வெட்டலாம். தோல் தெரிய மழித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும். கட்டி எடுத்த இடங்களை மழிக்காமல் முடியாது. முடி வளரும்வரை அங்கே வெயில் படாமல் பாருங்கள். ஆனால் லேப்ரடூடில் எல்லாவற்றுக்கும் ஒரே முடி கிடையாது. சிலது லேப்ரடார்போல நேர்முடியோடு, உதிர்ந்துகொண்டே இருக்கும். அதை ஒட்ட வெட்டினால் முடி சீராக முளைக்காமல் போகலாம். சீவி உதிர்முடியை எடுப்பதே போதும். நடைக்குக் காலை ஏழு மணிக்குள்ளும், பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும் கூட்டிப் போங்கள்.

உண்ணி விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை கூடாது. சிப்பிப்பாறையின் மேல் ஓர் உண்ணி ஏறினால் தடவும்போதே தெரிந்துவிடும். சுருள் முடியில் அது வயிறு நிறைய இரத்தம் குடித்து இறங்கும்வரை தெரியாது. அதன் வழியாக வரும் எர்லிக்கியா, பபீசியா என்னும் இரத்தக் கிருமிகள் இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நாயின் சாதாரண வெப்பநிலையே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. எடைக்கேற்ற உண்ணி மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார்; மருந்தைப் பொறுத்து மாதம் ஒருமுறையோ, 12 வாரத்துக்கு ஒருமுறையோ கொடுக்க வேண்டும். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், மாத்திரை எழுதும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய வளவு வீடுகளில் நிலைக்கதவின் சந்து, தூணடி, நாய் படுக்கும் மூலை எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். வீட்டுக்கு மருந்தடித்தால் தரை காயும்வரை நாயை வெளியே வைத்திருங்கள்.

ஆத்தங்குடிக் கல் பாவிய வீடா? அப்படியானால் பாதத்தின் அடியில் வளரும் முடியை மாதம் ஒருமுறை வெட்டுங்கள். அது பாதத்தின் மெத்தைபோன்ற சதையை மூடிவிட்டால் வழுவழுப்பான தரையில் கால் சறுக்கும். லேப்ரடார், பூடில் இரண்டிலுமே இடுப்பு மூட்டுக் கோளாறு உண்டு. சறுக்கலும் கூடுதல் எடையும் அதைக் கிளறிவிடும். எழச் சிரமப்பட்டாலோ, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவினாலோ எக்ஸ்ரே பார்க்க வேண்டும். மெல்லப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் ஒன்றும் இரு இனங்களிலும் இருக்கிறது. தாய் தகப்பன் இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் கலப்புக் குட்டிக்கும் வரலாம். பெற்றோருக்குப் பரிசோதனை நடந்ததா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இளைப்பு பற்றி விற்றவர் சொன்னது தவறு. ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் முடியில் பிறப்பதில்லை. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. எல்லா நாய்க்கும் அது உண்டு. வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் படுக்கையறைக்குள் நாயை விடாதீர்கள். அவர்களுடைய மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இந்த வாரமே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், முடிக்கட்டிகளை எடுக்கும்போதே காதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டுமே வலிக்கும் வேலை. மயக்க ஊசி தேவைப்பட்டால் ஒரே ஊசியில் முடியும். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே போனில் கேட்டு, அதன்படி சாப்பாட்டை நிறுத்திக் கூட்டிப் போங்கள்.